ஒரு செய்தி, பல திரைகள்

மட்டக்களப்பு வாவி, கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குப் பக்க நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் பக்க நிலத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், எழுவான்கரையில் அமைந்த ஊர் குருக்கள்மடம். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருப்பது அம்பிளாந்துறை. இவ்விரு துறைகளையும் இணைத்துவந்தது படகுப் பாதை. பாதை என்னுஞ் சொல் இங்கு வழியை மட்டும் குறிப்பதன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையையும் மக்கள் அப்பெயராலேயே அழைப்பர்.

இத்தகைய துறைகளில் வாழ்வோர் எவரும் கற்பிக்காமலேயே அறிந்த உண்மை ஒன்று உண்டு. நெல் மூடைகள் பாதையில் மெல்லச் செல்லலாம். ஒரு நாள் தாமதித்தாலும் பெருங்கேடில்லை. வைத்தியரை அழைக்கும் செய்தியோ அவ்வாறு காத்திருக்க இயலாது. பாரமான பொருளுக்கு ஒரு வழி. அவசரமான செய்திக்கு மற்றொரு வழி. பல இடங்களிலுள்ள டிஜிட்டல் அறிவிப்புத் திரைகளுக்குக் காணொளிகளை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்னும் இன்றைய வினாவுக்கும் இந்தப் பாகுபாடே திறவுகோலாகும்.

அறிவிப்புத் திரை என்பது யாது? வங்கிகள், வைத்தியசாலைகள், புகையிரத நிலையங்கள், கடைத்தெருக்கள் முதலிய இடங்களில் சுவரிலே பொருத்தப்பட்டு, படமும் எழுத்துமாக மாறி மாறித் தோன்றும் திரைகளை நேயர்கள் கண்டிருப்பர். பொது இடத்தில் மின்னொளியால் செய்தி கூறும் வழக்கம் புதியதன்று. 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரின் டைம்ஸ் கட்டடத்தைச் சுற்றி 14,800 மின்குமிழ்கள் கொண்ட ஒளிப்பட்டை அமைக்கப்பட்டு, அமெரிக்க சனாதிபதித் தேர்தலின் முடிவு வீதியில் நின்றோருக்கு அதன் மூலம் அறிவிக்கப்பட்டது. அது ஒரே இடத்தில் இருந்த ஒரே பலகை. இன்றைய திரைகளின் தன்மை வேறு. ஒவ்வொரு திரையின் பின்னாலும் சிறு கணினி ஒன்று இருக்கிறது. அக்கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியே தலைமைக் கணினி ஒன்றுடன் தொடர்பு கொள்கின்றன. தலைமை இடத்தில் இருப்பவர் ஒருவர் நூறு ஊர்களில் உள்ள திரைகளை இருந்த இடத்திலிருந்தே மாற்றலாம். மாற்றலாம் என்பது எளிய சொல்; அது நடைபெறும் முறையிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, மட்டக்களப்பு மாவட்டத்தில் வைத்தியசாலைகள், பாடசாலைகள், பிரதேச செயலகங்கள், படகுத்துறைகள் ஆகிய இடங்களில் 40 திரைகள் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். டெங்கு நுளம்பைத் தடுத்தல், பயிர்நோய், தடுப்பூசி நாள்கள், வெள்ளக் காலத்தில் செய்யவேண்டியவை எனப் பத்துக் காணொளிகள் அவற்றில் இடையறாது ஓடவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நல்ல தெளிவுடைய காணொளிக்கு நொடி ஒன்றுக்கு 8 மெகாபிட் தேவை எனக் கொண்டால், ஒரு நிமிடக் காணொளி 60 மெகாபைட் ஆகும். பத்தும் சேர்ந்து 600 மெகாபைட். இச்சிறு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் எடைபோடலாம்.

முதலாவது, ஓடையாக அனுப்பும் முறை. தலைமைக் கணினியிலிருந்து காணொளி நீரோடை போல இடையறாது வந்துகொண்டிருக்கும். திரை அதை வந்த கணத்திலேயே காட்டிவிட்டு மறந்துவிடும். கிரிக்கெட் ஆட்டம், பாராளுமன்ற உரை போன்ற நேரடி நிகழ்ச்சிகளுக்கு இது இன்றியமையாதது. ஆனால் திரும்பத் திரும்ப ஓடும் பத்துக் காணொளிகளுக்கு இது பொருந்துமா? நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு திரைக்கு, நொடிக்கு 8 மெகாபிட் வீதம், ஏறத்தாழ 43 ஜிகாபைட் வந்து சேரவேண்டும். நாற்பது திரைகளுக்கு நாளொன்றுக்கு 1,700 ஜிகாபைட்டுக்கும் மேல். காட்டப்படுவதோ அதே 600 மெகாபைட். ஒரே குடம் நீரை நாள் முழுவதும் ஆற்றிலிருந்து மீண்டும் மீண்டும் சுமந்து வருவதற்கு இது ஒப்பாகும். பணச் செலவு ஒருபுறமிருக்க, தொடர்பு அறுந்த கணமே திரை இருண்டுவிடும் என்பது இம்முறையின் பெருங்குறை.

இரண்டாவது, சேமித்துக் காட்டும் முறை. காணொளியை ஒருமுறை மட்டும் இறக்கித் திரையின் கணினியிலே பத்திரப்படுத்திவிடுவது. பின்னர் எத்தனை முறை காட்டினும் வலையமைப்பின் உதவி வேண்டியதில்லை. அந்த 600 மெகாபைட் பொதி நொடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் 8 நிமிடத்தில் வந்துவிடும். 1 மெகாபிட் மட்டுமே செல்லும் நலிந்த இணைப்பாயினும் 80 நிமிடம் போதும். 40 திரைகளுக்கும் தனித்தனியே அனுப்பினால் மொத்தம் 24 ஜிகாபைட். தலைமைக் கணினியிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட் உடையதாயின், இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் யாவும் சென்று முடியும். ஊர் உறங்கும் நேரத்தில், இணைப்புகளில் நெரிசல் குறைந்த வேளையில், இதனைச் செய்துவிடலாம். மாதக் கணக்கில் ஓடப்போகும் காணொளிக்கு ஓர் இரவுத் தாமதம் பொருட்டன்று.

சேமிக்கும் முறையிலும் கருதவேண்டியவை சில உள. இடையில் தொடர்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வேண்டும். இல்லையேல் நலிந்த இணைப்புள்ள ஊரில் ஒரு காணொளி எந்நாளும் முழுமையாக வந்து சேராது. வந்த பொருள் பழுதின்றி வந்ததா என்பதைச் சரிபார்க்கும் எண் ஒன்று உடன் வரவேண்டும். புதிய நிகழ்ச்சி நிரலுக்குரிய காணொளிகள் யாவும் வந்து சரிபார்க்கப்படும் வரை பழைய நிரலே ஓடவேண்டும். பாதி பழையதும் பாதி புதியதுமாகத் திரை தடுமாறலாகாது. அன்றியும், மாறக்கூடிய எழுத்துகளையும் நாள்களையும் காணொளிக்குள்ளே பதித்துவிடுவது தவறு. தடுப்பூசி நாள் 12ஆம் திகதியிலிருந்து 14ஆம் திகதிக்கு மாறினால், பதித்த காணொளி முழுவதையும் மறுபடி அனுப்பவேண்டி வரும். எழுத்து தனியாகவும் படம் தனியாகவும் இருந்து, திரையிலே ஒன்றுசேருமாயின், சில எழுத்துகளை அனுப்பினாலே வேலை முடிந்தது.

மூன்றாவது, ஒருமுறை அனுப்பிப் பலர் பெறும் முறை. வானொலி கேட்போருக்கு இதனை விளக்குதல் எளிது. தபாற்கந்தோரில் நாற்பது பேருக்கு நாற்பது கடிதம் எழுதிப் போடுவது ஒரு வகை. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து ஒருமுறை பேசி, நாற்பது பேராயினும் நாலாயிரம் பேராயினும் கேட்கச் செய்வது மற்றொரு வகை. கணினி வலையமைப்பிலும் இவ்விரண்டாம் வகையை இயற்றலாம் என்பதை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்ரீவ் டீரிங் என்பவர் வகுத்துக் காட்டினார். அதன் விதிகள் 1989ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. மல்ட்டிகாஸ்ட் என்பது அதன் பெயர். தலைமைக் கணினி ஒரு பிரதியை மட்டும் அனுப்பும். வழிகள் பிரியும் இடத்தில் மட்டும் அப்பிரதி பெருகும்.

கேட்பதற்கு இதனினும் சிறந்தது இல்லையெனத் தோன்றும். எனினும், இதற்கு எல்லைகள் உண்டு. ஒரு வளாகத்துக்குள், தனக்கே உரிய வலையமைப்பில் இது செவ்வனே இயங்கும். பொது இணையத்தின் வழியே, ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு இது பெரும்பாலும் கடந்து செல்வதில்லை. மேலும், இவ்வாறு அனுப்பப்படும் துணுக்குகளில் ஒன்று வழியில் தவறினால், தவறியது என்று சொல்லித் திரும்பக் கேட்கும் ஏற்பாடு அதன் அடிப்படையில் இல்லை. அதனைத் தனியே சேர்க்கவேண்டும். கம்பியில்லா வைபை இணைப்பில் இக்குறை இன்னும் பெருகும். ஆதலின், ஒரு பெரிய வைத்தியசாலையின் உள்ளே இருபது திரைகளில் ஒரே காட்சியைக் காட்டுவதற்கு இது ஏற்றது; வாவியின் இரு கரைகளிலும் சிதறிக் கிடக்கும் நாற்பது ஊர்களுக்கு இதனை நம்புதல் அரிது.

ஒருமுறை அனுப்பிப் பலர் பெறும் முறையின் மிகப் பெரிய வடிவம் செயற்கைக்கோள். தென்னாசியாவில் அதன் ஆற்றலை உலகம் கண்டது 1975ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதலாம் நாள் தொடங்கிய இந்தியச் சோதனையிலே. அமெரிக்காவின் ஏரிஎஸ்-6 என்னுஞ் செயற்கைக்கோளின் வழியாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்கள் வேளாண்மை, உடல்நலம், கல்வி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஓராண்டு காலம் நேரடியாகப் பெற்றன. அக்கருவிகளுள் ஒன்று கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய விண்வெளி நிறுவனத்தாரால் பொருத்தப்பட்டது. வானில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் உலகமெங்கும் செய்தி பரப்பும் என 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிய 1979ஆம் ஆண்டுக்கு முன்னரே அவர் இல்லத்துத் திரை ஒளிர்ந்தது.

அச்சோதனை இரண்டு பாடங்களைத் தந்தது. வீதியும் கம்பியும் இல்லாத ஊருக்கும் வானிலிருந்து செய்தி இறங்கும் என்பது முதலாவது. இரவல் வாங்கிய செயற்கைக்கோள் தவணை முடிந்ததும் நகர்த்தப்பட, நேரடிச் சேவையும் நின்றது என்பது இரண்டாவது. எந்த முறையைத் தேர்ந்தாலும் அதன் உரிமை யாரிடம் இருக்கிறது, எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கும் என்று கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, இடையிலே ஓர் ஊரைக் களஞ்சியமாக வைத்துக்கொள்ளும் முறை. புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு தொடங்கிய கிராம அறிவு மையங்கள் இதற்கு நல்ல சான்று. வில்லியனூரில் இருந்த நடுமையம் இணையத்திலிருந்து செய்திகளைத் திரட்டி, அவற்றைத் தமிழில் எளிமையாக்கிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பியது. கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெறப்பட்டு, வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. தொலைவிலிருந்து ஒருமுறை பெற்று, அருகிலுள்ளோருக்குப் பகிர்ந்தளிப்பதே இதன் தத்துவம். நமது நாற்பது திரைகளிலும் ஒரே கட்டடத்தில் ஐந்து இருக்குமாயின், ஒன்று மட்டும் தலைமைக் கணினியிடம் பெற்று, ஏனைய நான்குக்கும் உள்ளேயே கொடுத்துவிடலாம்.

ஐந்தாவது, கையிலே கொண்டுசெல்லும் முறை. இதனை ஏளனமாக நோக்குதல் கூடாது. கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில், 2003ஆம் ஆண்டு தொடங்கி, மோட்டார் சைக்கிள்களில் பொருத்திய கருவிகள் பாடசாலைதோறும் சென்று கம்பியில்லா முறையில் மின்னஞ்சல்களைப் பெற்றும் கொடுத்தும் வந்தன. இணைப்பே இல்லாத படுவான்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு, 64 ஜிகாபைட் கொள்ளும் பென் டிரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் இட்டுப் பாதையில் அக்கரை சேரும் ஆசிரியர் ஒருவர், நமது 600 மெகாபைட் பொதியைப் போல நூறு பொதிகளை ஒரே பயணத்தில் கொண்டுசெல்ல வல்லவர். ஆயினும், திரையை மாற்றிய செய்தி தலைமை இடத்துக்குத் தானாகத் திரும்பி வராது. ஆளும் நாளும் தவறினால் திரையும் பழசாகும்.

இதுவரை பேசியது அமைதிக் காலத்துக் கணக்கு. கிழக்கிலங்கைக் கரையில் வாழ்வோருக்கு மற்றொரு கணக்கும் உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது தென்னைகள் சாய்ந்து வீதிகளை அடைத்தன. மின்கம்பிகளும் தந்திக் கம்பிகளும் வீழ்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை அக்கரையெங்கும் உயிர்களை வாரிச் சென்றது. மாரிகாலத்து வெள்ளமோ ஆண்டுதோறும் அஞ்சவேண்டியது. திரை மிக வேண்டப்படும் நாளே அதன் தொடர்பு அறுந்துபோகக்கூடிய நாளுமாகும். அந்த நாளில் ஓடையாக வரும் காணொளியை எதிர்பார்த்து நிற்பது, பெருக்கெடுத்த வாவியில் பாதை வருமென்று காத்திருப்பதற்குச் சமம்.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையிலேயே இது குறித்து ஒரு சோதனை நடைபெற்றது. லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, மொறட்டுவையிலிருந்து 32 கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கையை எவ்வகைக் கருவியால் அனுப்புதல் நன்று என ஆராய்ந்தன. செயற்கைக்கோள் வானொலி, கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, தொலைவிலிருந்து இயக்கும் அபாய மணி முதலியன ஒப்பிடப்பட்டன. செயற்கைக்கோள் வானொலி ஒரே கணத்தில் பல ஊர்களை எட்டும். ஆனால் ஊரார் கேட்டனரா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. தொலைபேசி மறுமொழி தரும். ஆனால் எல்லாரும் ஒரே வேளையில் பேச முற்பட்டால் அது நெரிசலில் அடைபடும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யுமாறு இரண்டு வழிகளை இணைத்து வைப்பதன் தேவை இதனால் விளங்கும்.

மேற்கூறிய புதுச்சேரி மையங்களின் வரலாற்றிலும் இது மெய்ப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாளன்று, நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு வந்தது. கடல் பற்றி அவர் சொன்ன செய்தி அறிவு மையத்தின் ஒலிபெருக்கியால் ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட, மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். தொலைவிலிருந்து வந்தது சில சொற்கள் மட்டுமே. அவற்றைப் பெருக்கிச் சொல்லும் கருவி முன்னமே ஊரில் இருந்தது; அதனை இயக்கவும் மக்கள் அறிந்திருந்தனர்.

இதனைத் திரைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். வெள்ளம், சூறாவளி, ஆழிப்பேரலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எந்த வழியே எந்த மேட்டுநிலத்துக்குச் செல்லவேண்டும் என்பதைக் காட்டும் காணொளிகள், அந்தந்த ஊருக்கு ஏற்றவாறு, அமைதிக் காலத்திலேயே தயாரிக்கப்பட்டு ஒவ்வொரு திரையின் கணினியிலும் உறங்கிக் கிடக்கவேண்டும். அபாய வேளையில் அனுப்பவேண்டியது 60 மெகாபைட் காணொளியன்று. மூன்றாம் எண் காணொளியைக் காட்டு என்னும் ஒரு சிறு கட்டளை. கைத்தொலைபேசியின் குறுஞ்செய்தி ஒன்றுக்குள் அது அடங்கிவிடும். இணையம் படுத்தாலும், நலிந்த தொலைபேசி அலையில் அது நுழைந்து வரக்கூடும்.

அவ்வாறு அமைக்கும்போது மூன்று காவல்கள் வேண்டும். முதலாவது, கட்டளை உரிய அதிகாரியிடமிருந்தே வந்தது என்பதைத் திரையின் கணினி சரிபார்த்தல் வேண்டும். பொய் எச்சரிக்கை ஒன்று ஊரைக் கலைத்தால், அடுத்த மெய் எச்சரிக்கையை எவரும் நம்பார். இரண்டாவது, ஒவ்வொரு கட்டளைக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறிக்கப்படல் வேண்டும். நேற்றைய அபாயத்தை இன்றும் காட்டும் திரை, இருண்ட திரையினும் தீயது. மூன்றாவது, கட்டளை கிடைத்தது, காணொளி ஓடுகிறது என்று திரை திருப்பி அறிவித்தல் வேண்டும். மறுமொழி வராத ஊர்களின் பெயர்கள் தலைமை இடத்தில் தெரிந்தால், கிராம உத்தியோகத்தரைத் தொலைபேசியில் அழைக்கவோ ஆள் அனுப்பவோ இயலும்.

மின்சாரம் நின்றால் திரை வெறும் கண்ணாடியே. ஆதலின், பற்றரியில் இயங்கும் வானொலிக்கும், கோயில் மணிக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் திரை மாற்றாகாது. அவற்றோடு சேர்ந்த ஒரு துணையாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

அவ்வாறெனின், முறையைத் தேர்பவர் கேட்கவேண்டிய வினாக்கள் எவை? இச்செய்தி எவ்வளவு விரைவில் சேரவேண்டும்? எத்தனை இடங்களுக்குச் சேரவேண்டும்? அவ்விடங்களுள் மிக நலிந்த இணைப்பு எது? தொடர்பு அறுந்த நாளில் திரை எதனைக் காட்டும்? விற்பனையாளர் பெரும்பாலும் நகரத்தின் நல்ல இணைப்பிலே தமது கருவியை இயக்கிக் காட்டுவர். வாங்குவோர், இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு வாரம் ஓடவிட்டுக் காட்டும்படி கேட்பதே அறிவுடைமை. அச்சோதனையில் தேறிய முறை நல்ல நாளிலும் உதவும். தீய நாளிலும் கைவிடாது.

நேரடி நிகழ்ச்சிக்கு ஓடை முறை. ஒரு வளாகத்துக்குள் மல்ட்டிகாஸ்ட். சிதறிய ஊர்களுக்கு இரவில் அனுப்பிச் சேமிக்கும் முறை. இணைப்பில்லாத இடத்துக்குக் கையால் கொண்டுசெல்லல். அபாயத்துக்கு முன்னமே சேமித்த காணொளியும் சிறு கட்டளையும். ஒரே வலையமைப்பில் இவை யாவும் தத்தம் இடத்தில் நிற்கலாம். ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முனைவதாலேயே செலவும் ஏமாற்றமும் விளைகின்றன. பாரமானதை முன்னதாக அனுப்பிவைத்து, இலேசானதை வேண்டும்போது அனுப்புவோர்க்கு நலிந்த இணைப்பும் போதுமானதாகும். படுவான்கரையின் கடைசிச் சிற்றூரிலுள்ள ஒரு திரைக்கும், நகரத்து வங்கியிலுள்ள திரைக்கும் இடையே உள்ள வேற்றுமையை அந்த ஒழுங்கே குறைக்க வல்லது.